நடுத் தூண் போனால்

கட்டடங்களின் உறுதியைக் கணக்குப் போட்டுச் சொல்லும் இன்ஜினியர் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: ஒழுங்காகச் செய்த வேலை எல்லாம் கான்கிரீட்டுக்குள் புதைந்துவிடும், தப்பாகச் செய்தது மட்டும் ஊர் பார்க்க வெளியே வரும். "வீட்டைக் கட்டிப் பார்" என்று சொன்ன பெரியவர்கள் வீட்டுக்காரரைத்தான் நினைத்தார்கள். வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டு மழை பெய்தாலும் லாரி போனாலும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறவளை யாரும் நினைக்கவில்லை. வீடு கட்டி அவதிப்பட்ட, இனிமேல் அவதிப்படப் போகிற உங்களிடம் சொல்லாமல் இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வது?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை. போர்டில் என் பெயரும் படிப்பும் இருக்கின்றன. ஆனால் சுற்று வட்டாரத்தில் எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் என் பெயர் 'கம்பி மேடம்'தான்.

மூன்று தூண்

ஜமால் பாய்க்கு பஜாரில் அரிசி மண்டி. கீழே மண்டி, முதல் மாடியில் குடித்தனம், அதற்கு மேல் ஒரு தளம் என்று கட்ட நினைத்து என்னிடம் வந்தார். தெருப் பக்கம் மூன்று தூண்கள். வேலையை ஏற்றவர் ஏகாம்பரம் மேஸ்திரி. எங்கள் பக்கத்தில் உத்தரத்தின் அடிக்கம்பியைத் தூண் வரைக்கும் கொண்டுவந்து அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நான் விடுவதில்லை. கம்பி தூணுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, அடுத்த உத்தரத்தின் கம்பியோடு நீளமாகப் பின்னிக்கொள்ள வேண்டும். பாய் அதைப் பார்த்துவிட்டு, எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டார்.

பொறுமையாகத்தான் சொன்னேன். ஒரு தூண் போய்விட்டால் அதன் தலையில் இருந்த பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போக வழி இருக்க வேண்டும். வழி இல்லையென்றால் அந்த இடம் மட்டும் விழாது. விழுந்தது கீழ்த் தளத்தை உடைக்கும், அது பக்கத்துத் தூணை இழுக்கும், ஓர் இடத்தில் ஆரம்பித்தது முழுக் கட்டடத்தையும் வாரிக்கொண்டு போகும். கம்பி தொடர்ந்து ஓடினால், உத்தரம் துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்தாவது தொங்கி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி ஓட அந்த அவகாசம் போதும். நான் படித்த படிப்பின் சாரமே இவ்வளவுதான். பாய் மூன்று தூண்களையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தூணு எங்க மேடம் போவப் போவுது? எயுந்து போறதுக்கு அதுக்கு இன்னா காலா கீது?"

திருமுக்கூடல் நெல்

திருமுக்கூடலில் ஒரு விவசாயி, மாடி வீட்டில் விரிசல் என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், அறுவடை நெல் அத்தனையும் மாடி அறை ஒன்றில், கூரை முட்ட மூட்டை மூட்டையாக. அறைக்கு அடியில் இருந்த உத்தரம் பாவம், வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அந்த ஓர் உத்தரம் ஒடிந்தால் மாடியே கீழே வந்துவிடும், உடனே மூட்டைகளை இறக்குங்கள், இறக்கும்வரைக்கும் நாலு அறையிலும் சுவரோரமாகப் பிரித்து வையுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. அவருடைய பயம் வேறு.

"பிரிச்சி வெச்சா எலிக்கு நாலு வூடு ஆயிடும் மேடம். இப்பன்னா அதுக்கு ஒரே வூடுதான்."

ஆனி கடைசி வாரம்

என்னை ஏன் கம்பிப் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது என்று கேட்பவர்களிடம் நான் சொல்லாத கதை இது. படிப்பு முடித்த கையோடு ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்திருந்தேன். காஞ்சிபுரம் சாலையில் இரண்டு மாடிக் கடைக் கட்டடம். அங்கேயும் ஏகாம்பரம்தான் மேஸ்திரி. அவர் மனைவி மங்கா சித்தாள் வேலை பார்த்தாள். என்னை இரண்டு பேரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக ஊற்றிய தளம் தன் காலில் நிற்கிற வரைக்கும், பலகைக்கு அடியில் சவுக்குக் கட்டைகளை முட்டாக நிறுத்தி வைத்திருப்போம். எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்துவிட்டால் தளம் போடப் பலரும் தயங்குவார்கள். அதனால் ஆனி கடைசி வாரத்தில் ஊரே தளம் போடும். பலகைக்கும் கட்டைக்கும் அடிதடிதான். ஓர் இடத்தில் காயும் முன்பே உருவி அடுத்த இடத்தில் நட்டுவிடுவார்கள்.

அங்கேயும் அதுதான் நடந்தது. மேல் தளம் ஊற்றிய மறுநாள் காலை. கீழ்த் தளத்துக்கு அடியில் பாதிக் கட்டைகளைக் காணவில்லை. கான்ட்ராக்டர் சொல்லி மேஸ்திரி உருவி அனுப்பியிருந்தார். மேலே இருந்த ஈரத் தளத்தின் மொத்தப் பாரமும், தானே சரியாகக் காயாத கீழ்த் தளத்தின் மேல். நான் பார்த்தேன். தப்பு என்று தெரிந்தது. கான்ட்ராக்டர் கோபக்காரர், நான் வேலைக்குப் புதிது. மத்தியானம் அவர் வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். பதினோரு மணிக்கு எல்லாரும் டீக்கு வெளியே போனோம். டிரம்மில் தண்ணீர் நிரப்பிவிட்டு வருகிறேன் என்று மங்கா மட்டும் உள்ளே நின்றாள். ஓர் உத்தரம் நடுவில் ஒடிந்தது. மேல் தளம் கீழ்த் தளத்தில் விழுந்தது, இரண்டுமாகத் தரையில் விழுந்தன. கையில் இருந்த டீயை நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

அவளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காலையில் கட்டை இல்லாததைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்று தலையாட்டினேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"கட்டைய உருவனது என் கையி. நீ பாத்துக்கினே ஒரு கொரலு குடுக்காம வுட்டுட்டியே பாப்பா."

பலகை வண்டி

சில வருஷம் கழித்து, நான் தனியாக அறை போட்டதும், மேஸ்திரி ஒருநாள் மாடியேறி வந்து, வேலை இருந்தால் சொல்லுங்கள் மேடம் என்றார். அன்று முதல் மேடம்தான். பாப்பா என்ற சொல் மங்காவோடு போய்விட்டது. அவளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. ஆனால் என் கம்பியை வளைக்கும்போது அவர் காட்டுகிற பிடிவாதத்தைப் பார்த்தால் நானே சாது என்று தோன்றும்.

பாய் கட்டடத்தின் முதல் தளம் ஊற்றியதுகூட, சொல்லி வைத்த மாதிரி, ஆனி கடைசி வாரத்தில். மேஸ்திரி ஒவ்வொரு சவுக்குக் கட்டையிலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, தினமும் காலையில் போனில் எனக்கு ஒப்பிப்பார். ஐந்தாம் நாள் பலகை வாடகைக்காரர் டிராக்டரோடு வந்து நின்றார். புள்ளலூரில் ஒரு வீட்டுக்கு ஆடிக்குள் தளம் போட்டாக வேண்டுமாம். பாயும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, பாவம் கொடுத்துவிடுங்களேன் என்றார். நான் சண்டைக்குத் தயாராகத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தளத்துக்கு அடியில் போய், கட்டைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கட்டைய உருவணும்னா உருவிக்கோ நைனா. நானு இங்கதான் குந்திக்கினு இருப்பேன்."

டிராக்டர் வெறுமனே திரும்பிப் போனது. பாய் ஒரு வாரம் எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அரிசி லாரி

போன தை மாதம். பாய் மகள் ஷாஹினா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபது நாள். முதல் மாடியில் அவளும் குழந்தையும் பாயின் மனைவியும். காலை பத்து மணிக்கு மண்டிக்கு லோடு வந்த லாரி, பின்பக்கமாக வரும்போது பிரேக் பிடிக்காமல் உருண்டு தெருப் பக்க நடுத் தூணில் இடித்தது. நானும் மேஸ்திரியும் என் அறையில் ஏதோ வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தோம். கான்கிரீட் உடைகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். செருப்புகூடப் போடாமல் ஓடினோம்.

தூண் இடுப்புக்கு மேல் நொறுங்கி, கம்பிகள் விரிந்து கிடந்தன. உத்தரம் நாலு விரற்கடை தொய்ந்திருந்தது. அதற்கு நேர் அடியில் லாரியின் மூட்டை அடுக்கு முட்டிக்கொண்டு நின்றது. கூட்டம் மொத்தமும் டிரைவரைப் பார்த்து, லாரியை முன்னால் எடு, எடு என்று கத்தியது. அவரும் பதறிப்போய் இன்ஜினைக் கிளப்பிவிட்டார். உத்தரத்தை இப்போது தாங்கிக்கொண்டிருப்பது என் கம்பியா, பாயின் அரிசியா? எனக்குத் தெரியாது. மேலே பச்சைக் குழந்தை இருக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. "எடுக்காதே!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படியொரு சத்தம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று மறுபடியும் கத்தினேன். இன்ஜின் நின்றது. பாய் பின்பக்கப் படிக்கட்டில் ஏறினார். முதலில் குழந்தை, பிறகு ஷாஹினா, கடைசியாக அவர் மனைவி என்று மூன்று பேரும் இறங்கி வந்து சேர்ந்தார்கள்.

பேரனை மார்போடு அணைத்துக்கொண்டு பாய் எதிர் வரிசையில் நின்றார். தூண் இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"காலு இருந்திருக்கு மேடம். நான்தான் பாக்கல."

முட்டு

பக்கத்துத் தெரு வேலையிலிருந்து மேஸ்திரி சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து, உத்தரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்தார். வேறு யாரையும் உள்ளே விடவில்லை. எல்லாம் உத்தரத்தைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியோடு நின்றன, உத்தரம் இறங்கினால் தாங்கிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் லாரியை மெதுவாக முன்னால் எடுக்கச் சொன்னேன். லாரி நகர்ந்தது. மேல் மூட்டை ஒன்று சரிந்து விழுந்து அரிசி கொட்டியது. உத்தரம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மேஸ்திரி விட்ட ஒரு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. ஆரம்பத்திலிருந்தே கம்பிதான் தாங்கியிருக்கிறது.

நான் மண்டி வாசலில் உட்கார்ந்து, பஜார் பார்க்கிறதே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். மேஸ்திரி கையில் இருந்த சிமென்ட் தூசியைத் தட்டிவிட்டு, அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மங்காவுக்கு வராத கொரலு அந்தக் கொயந்தைக்கி வந்துட்ச்சி. அயாத பாப்பா."

இப்போது அந்த நடுத் தூணை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னும் நாலு கம்பி சேர்த்துப் போடச் சொல்லி பாய் தினமும் மாடியேறி வந்து நச்சரிக்கிறார், "போதும் பாய், கம்பிக்கு நடுவில் கான்கிரீட் போகவும் கொஞ்சம் இடம் வேண்டும்" என்று கம்பி மேடமே கெஞ்ச வேண்டிய காலமும் வந்துவிட்டது.