அண்ணனும் கடைவீதி மாடியும்

அண்ணன் பிறந்தது கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், எங்கள் நாட்டு மருந்துக் கடையின் மாடியறையில். கடைசி மூச்சு மட்டும் அங்கே போகவில்லை. அதற்குக் காரணம் அவர் தங்கையான நான். முதலாண்டு நினைவாக இந்த மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டடம் தாத்தா கட்டியது. கீழே கடை, மேலே வீடு, முகப்பின் உச்சியில் இரண்டு சுதைக் கிளிகள். தேக்கு உத்திரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பால் தளம் போட்டிருந்தார். அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. கடையில் உட்கார்ந்தார். என்னைப் படிக்க வைத்து, ஆசிரியையாக்கி, உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார். தமக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு நேரமே வரவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் கல்வராயன் மலைக்குப் போய்க் கடுக்காய் வாங்கி வருவார். அதை ஊறவைத்துச் சுண்ணாம்பு குழைத்து, மொட்டை மாடியில் மண்டியிட்டு ஒவ்வொரு விரிசலாகப் பூசுவார்.

“இன்னாண்ணா, கடைக்கு வாங்கினியா, மாடிக்கு வாங்கினியா?” என்று கேலி செய்வேன்.

“மாடிக்குப் போவ மிச்சந்தாம்மா கடைக்கு” என்பார்.

முழங்கால் அறுவைக்காக அவர் மருத்துவமனையில் இருந்தபோது, ஆள் வைத்துத் தளம் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டேன். இனி அவர் மண்டியிட வேண்டாம் என்ற ஒரே ஆசைதான். வந்து பார்த்தவர் சிரித்தார்.

“ஜோரா கீதும்மா. இனிமே எனக்கு லீவுதான்.”

சுவரோரமாக இறங்கிய மழைநீர் சிமெண்டுக்கு அடியில் தங்கிவிட்டது. பழைய தளமாக இருந்தால் வெயிலில் உலர்ந்திருக்கும். மூன்றாம் ஆண்டு மழையில் உத்திரங்களின் முனைகள் உளுத்துப்போயின. பார்வையிட்ட பொறியாளர் இடிக்கத்தான் வேண்டும் என்றார். “மரத்துக்கு வயசாயிடுச்சிம்மா” என்றார் அண்ணன். நானும் நம்பினேன். கிளிகள் விழுந்த அன்று எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாடகை வீட்டில் ஆறு மாதம்கூட இருக்கவில்லை.

அண்ணன் கூப்பிட்டுத் தளத்தைப் பார்த்திருந்த கட்டட மேஸ்திரி, காரியத்துக்கு வந்தபோது சொன்ன பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது.

“சிமெண்ட்ட ஒடைச்சி எடுத்துடலாம், மரம் பொழைச்சிக்கும்னு மொத வருசமே சொன்னேங்க. ‘எந்தங்கச்சி எனக்காவ போட்டது. ஒடைச்சா அது மனசு இன்னா ஆவும்’னாருங்க. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க வுடல.”

மருத்துவமனையில் உடனிருந்த பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற கடைவீதி நண்பர்களுக்கும், மறைக்காமல் சொன்ன மேஸ்திரிக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஐப்பசியில் அண்ணனைக் காணோமே என்று, சேதி தெரியாமல் கல்வராயன் மலை வெள்ளிமலையிலிருந்து ஒரு பை கடுக்காயோடு பஸ் ஏறி வந்த, அவருக்கு வழக்கமாகக் கடுக்காய் விற்கும் அம்மாவுக்கும் எங்கள் நன்றி. அந்தப் பை என்னிடம்தான் இருக்கிறது.

அண்ணா, நீ அந்தச் சிமெண்டை உடைத்திருக்கலாம். நான் ஒரு நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதான்.