இருபது நொடி

திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் பொழுது சாய்கிறது. முக்காலியில் கேமராவை ஏற்றி, கை பட்டுப் படம் அசையாமலிருக்க ஷட்டர் பொத்தானில் கேபிளைத் திருகுகிறேன். எதிரே வடநாட்டுக்குப் புறப்பட நிற்கிறது போர்வெல் லாரி. அதில் வேலைக்குப் போகிறவரின் மனைவி என்னிடம் வருகிறார்.

"எங்க ஊட்டுக்காரரோட ஒரு படம் புடிப்பீங்களா? இனி ஆறு மாசங் கழிச்சுத்தான் வருவாருங்க."

"வெளிச்சம் கம்மிங்க. இருபது நொடி அசையாம நிக்கணும்."

இருவரும் லாரியோரம் நிற்கிறார்கள். கேபிளை அழுத்திப் பிடித்து எண்ணுகிறேன். பாதியில் மனைவியின் தோள்கள் குலுங்குகின்றன.

திரையில் கணவர் முகம் தெளிவாக இருக்கிறது. மனைவியின் முகம் கலங்கிப்போயிருக்கிறது. மறுபடி எடுப்பதற்குள் டிரைவர் கூப்பிட, கணவர் லாரியில் ஏறிவிடுகிறார்.

"பரவாயில்லைங்க, இதையே செல்லுக்கு அனுப்பிடுங்க. எனக்கு அவரு முகந்தானுங்க வேணும்."