விழுந்தால் நானே தூக்குகிறேன்

என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். என் பைக்கின் எடை இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லாத ஆண்பிள்ளை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் ஒருவர் இருந்தால், அவரைப் பார்க்க எனக்கு ஆசை. பெற்றோல் செட்டில் சொல்கிறார்கள். நான் வேலை செய்யும் தலவாக்கலை மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வருகிறவர், வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு, தலைவலியை மறந்து எனக்குப் புத்தி சொல்கிறார். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

சனிக்கிழமைகளில் தேயிலைத் தோட்டங்களுக்குள் இருக்கும் மண்பாதைகளில் ஓட்டுகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். நான்கு ஆண்கள், நான். எங்களில் மூத்தவர் ஹட்டனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணன், அவர் சொன்னால் சொன்னதுதான். மூன்று வருடம் ஒரு சின்ன வண்டியில் அவர்களுக்குப் பின்னால் போனேன். அப்போது யாருக்கும் என்னைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கவில்லை. போன வருடம், முழங்கால் வலியால் ஓட்டுவதையே விட்டுவிட்ட ஒரு கொழும்புக்காரரிடமிருந்து இந்தப் பெரிய அட்வெஞ்சர் பைக்கை வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு வாத்தியார்.

"தங்கச்சி, இது கார்பட் ரோட்டு வண்டி," என்று அண்ணன் குரல் பதிவு அனுப்பினார். "மண் பாதையில ஒன்னாம் கியரத் தாண்டி எங்க போகப் போறீங்க? அவ்வளவு பவர வச்சிக்கிட்டு என்னத்தச் செய்யிறது?"

வங்கியில் வேலை செய்யும் இன்னொருவர் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார். "ஏத்தத்துல பிரச்சின இல்லங்க, சும்மா ஏறிடும். எறக்கத்துலதான் நீங்க அத ஓட்ட மாட்டீங்க, அது ஒங்கள ஓட்டும்."

அவர்கள் சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஈரமான இறக்கத்தில் அது என்னை ஓட்டியிருக்கிறது. குறுகிய வளைவுகளில் மெதுவாகப் போனால் எஞ்சின் சூடு தொடையைச் சுடும். நிறுத்தினால் ஒரு காலின் நுனிதான் தரையைத் தொடும், மற்றக் கால் அந்தரத்தில். எல்லாம் எனக்குத் தெரியும், ஓட்டுகிறவள் நான்தானே. ஆனால் சின்ன வண்டி மேட்டில் என்னிடம் கெஞ்சும். இது கெஞ்சுவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஆசைப்பட்டேன், வாங்கினேன். ஒரு பெண் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கினால் அதற்கு நாலு பேரிடம் விளக்கம் சொல்ல வேண்டும் என்று யார் வைத்தது?

நான் அசையவில்லை என்றதும் குழுவில் ஒரு விதி வந்தது. விழுந்த வண்டியை விழுந்தவரே தனியாகத் தூக்க வேண்டும். முடியாதவர் இனிப் பயணத்துக்கு வர வேண்டாம். அதுவரைக்கும் யார் விழுந்தாலும் எல்லாருமாகத்தான் தூக்குவோம். நான் எத்தனை பேருடைய வண்டியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறேன். விதி யாருக்காக என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் குழுவை விட்டே போயிருப்பேன். ஆனால் அந்தச் சனிக்கிழமைகள் போய்விட்டால், என் வாரத்தில் மருந்துப்பெட்டிகள் மட்டும்தான் மிஞ்சும். "சரி" என்று ஒரு சொல் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை வட்டகொடைப் பக்கம் போவதாக முடிவானது. நான் பிறந்த தோட்டம். மருந்துக்கடைக்கு வருவதற்கு முன்பு ஆறு வருடம் அந்த மலைகளில் கொழுந்து எடுத்திருக்கிறேன். அதனால் எனக்குத் திமிர் ஏறிவிட்டது. "இந்தப் பாதையில எனக்கு வழி காட்ட வேணாம், நான் முன்னுக்குப் போறேன்," என்று சொல்லி முன்னால் போனேன்.

அந்த மலையில் அப்போதுதான் கவ்வாத்து முடிந்திருந்தது. வெட்டிய தேயிலைக் கிளைகள், நாங்கள் மிலாறு என்று சொல்வது, பாதையின் குறுக்கே பரவிக் கிடந்தன. கவ்வாத்து முடிந்த மலையில் புதிதாகக் கான் வெட்டுவார்கள் என்பது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் போவதற்கான வடிகால் அது. ஆனால் நான் கண்ணால் பார்த்து ஓட்டவில்லை, பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஞாபகத்தை நம்பி ஓட்டினேன். அந்த இடத்தில் கானே இல்லை என்று என் மண்டைக்குள் இருந்தது. வெளியூர்க்காரன் என்றால் மிலாற்றைக் கண்டதும் மெதுவாகப் போயிருப்பான். முன்சக்கரம் மிலாற்றுக்கு அடியில் மறைந்திருந்த புதுக் கானுக்குள் இறங்கியது. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. நான் பாதையில் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் நான்கு வண்டிகளும் நின்றன. யாரும் இறங்கவில்லை. எனக்கு அடிபட்டதா என்று வங்கிக்காரர் மட்டும் கேட்டார். "ஒன்னுமில்ல," என்றேன். அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

ஆண்கள் தூக்குவதைப் பார்த்துப் பழகியதுபோல, இரண்டு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் எழும்பியது, திரும்ப விழுந்தது. இன்னொரு தடவை இழுத்தேன். இடுப்பில் எங்கோ சுள்ளென்றது. கண் கலங்கியது. அவர்களுக்கு முன்னால் அழுதுவிடுவேனோ என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பயம்.

பாதைக்கு மேற்பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னுடன் பக்கத்து நிரையில் ஆறு வருடம் நின்றவள். நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அடையாளம் கண்டுவிட்டாள்.

"அடியே, கீழ் லயத்துப் புள்ளதானே நீ? கையால ஏன்டி மல்லுக்கட்டுற? கொழுந்துச் சாக்குக்குக் குடுக்குற மாதிரி முதுகக் குடு."

நிறைந்த கொழுந்துச் சாக்கை யாரும் கையால் தூக்குவதில்லை. அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, கயிற்றைத் தலையில் மாட்டி, காலால் எழும்ப வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்த வேலை. அதை எப்படி மறந்தேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். வண்டி மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க ஸ்டாண்டை இழுத்துவிட்டேன். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக் குந்தினேன். இடுப்பைச் சீட்டில் ஒட்டி, ஒரு கையை ஹேண்டிலுக்கும் மற்றக் கையைப் பின்கம்பிக்கும் கொடுத்தேன். காலை ஊன்றி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தேன். வண்டி எழும்பியது. ஸ்டாண்டில் போய் நின்றது. மேலே பெண்கள் சிரித்தார்கள், கங்காணி அவர்களை அதட்டினார். நான் எஞ்சினைப் போட்டு, பக்கத்தில் நடந்தபடியே ஒன்றாம் கியரில் கொஞ்சம் முறுக்கினேன். எதற்கு அவ்வளவு பவர் என்று கேட்டார்களே, அந்தப் பவர் சக்கரத்தை ஒரே இழுப்பில் கானுக்கு வெளியே கொண்டுவந்தது.

அண்ணன் இறங்கி வந்தார். அவர் கெட்டவர் இல்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். "சரி தங்கச்சி, தூக்கிட்டீங்க. ஆனா இருநூறு கிலோ. ஒவ்வொரு தடவையும் முடியுமா? பொம்பளப் புள்ளைக்கு இந்த எட வேணாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து அதே பெண்ணின் குரல் வந்தது. "எத்தன கிலோ தம்பி?"

"இருநூறுங்க. அதுக்கும் மேல."

அவள் ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே யோசித்தாள். "ஒரு நாளைக்கு இருவது கிலோ எடுக்குறோம். அப்ப பத்து நாளுக் கொழுந்து. அத நாங்க தூக்கிக்கிட்டுத்தானே மல எறங்குறோம். பொம்பளைக்கு இந்த எட வேணாம்னு எங்ககிட்ட ஒருத்தரும் வந்து சொல்லலயே."

சொல்லிவிட்டு அவள் நிரையில் அடுத்த செடிக்குப் போய்விட்டாள். அண்ணன் தன் வண்டிக்குத் திரும்பிப் போனார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு நான் இன்னும் இரண்டு தடவை விழுந்தேன். பெரிய பைக் மண்பாதைக்குச் சரிவராது என்கிறவர்கள் இதையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இரண்டு தடவையும் நானே தூக்கினேன்.

அடுத்த வாரம், அந்த விதியை எடுத்துவிடலாமா என்று அண்ணன் குழுவில் கேட்டார். மற்ற மூவரும் உடனே சரி என்றார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று நான் எழுதினேன்.