இரண்டு பக்கமும் தட்டையான மட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு அப்பா என் புது ஹாக்கி மட்டையின் முதுகில் அரத்தை வைத்தார். நேரம் இவ்வளவு திட்டமாக நினைவிருப்பதற்கு எதிர் வீட்டு மாமாதான் காரணம். ஞாயிறு தவறாமல் அவர் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு, மாடி முழுக்கக் கேட்கும்படி மணியை அறிவிப்பார். அன்றும் அறிவித்துக்கொண்டே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பத்தே கால்! என்ன ஓய், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பொண்ணுக்கு உலக்கை செதுக்கறீரா?"

"உலக்கைக்கு முன்னும் பின்னும் கிடையாது ஓய். இதுக்கு இருக்கே, அதான் தொல்லை" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

இதை எழுதும்போது என் மகன் பக்கத்து அறையில் புருவத்துக்கு மேல் தையலோடு படுத்திருக்கிறான். போன வாரம் செம்பூர் மைதானத்தில் பந்து பட்டுவிட்டது. இரண்டு பையன்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, சட்டையைப் பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவனோ இன்று காலை, பழைய மட்டையில் விரிசல் விட்டிருக்கிறது, புதிது வாங்க எப்போது போகலாம் என்று கேட்கிறான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்பா அரம் பிடித்த அந்த ஞாயிறு, உலக யுத்தம் முடிந்த மறு வருடம். எனக்குப் பதினோரு வயது. பம்பாயில், மாட்டுங்காவில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. நான் பிறவியிலேயே இடது கைக்காரி. அதைத் திருத்துவது அம்மாவின் பொறுப்பாக இருந்தது. சாப்பிடும்போது என் இடது கையில் ஒரு துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவாள். எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் கோலம் போடுவதற்கும் வலது கை ஒருவழியாகப் பழகிவிட்டது. ஆனால் ஒரு பந்து உருண்டு வந்தால் போதும், என்னைக் கேட்காமல் இடது கைதான் புறப்படும்.

ஹாக்கி மட்டையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதன் வளைவில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டையான பக்கத்தால்தான் பந்தை அடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்த நாலைந்து பழைய மட்டைகளில் எதை எடுத்தாலும், விறகு வெட்டுகிற மாதிரி நான் இடது கை வாட்டத்தில் வீசினால், பந்தின் மேல் வந்து விழுவது உருண்டைப் பக்கம். பந்து எங்கோ போகும். பெண்கள் சிரிப்பார்கள். தட்டையான பக்கம் எப்போதும் எனக்கு எதிர்க்கட்சியாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு விளையாட்டு டீச்சர் வந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி அணிக்கு ஆள் எடுக்கப் போவதாகவும், சொந்த மட்டை வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம் என்றும் அறிவித்தாள். நான் அணியில் சேர்ந்தே தீர்வது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா ஒரே வார்த்தையில் கூடாது என்றாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருப்பையன் மாதிரி ஓடுவதைப் பார்க்கத் தன்னால் ஆகாது, அந்த மைதானத்துப் பக்கமே காலடி வைக்கமாட்டேன் என்றாள். நான் அழவில்லை. சாப்பிடாமலும் இருக்கவில்லை. காலையும் மாலையும் அப்பா செருப்பு மாட்டும் இடத்தில் போய் நின்றுகொண்டு, "அப்பா, மட்டை" என்று மட்டும் சொல்வேன். சனிக்கிழமை அவர், "சரி, கிளம்பு" என்றார்.

தோபி தலாவ் பக்கத்தில் ஒரு கடை. அப்பாவுக்குக் குடை வாங்கத் தெரியும். எனவே மட்டையையும் குடை வாங்குகிற மாதிரியே வாங்கினார். ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் நீளம் பார்த்தார். தரையில் தட்டிக் காது கொடுத்தார். பிரம்பைப் பிளந்து, நடுவில் ரப்பர் வைத்து, நூல் சுற்றிய கைப்பிடிகளைப் பார்த்து, ஒட்டுப் போட்ட சாமான் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். அடி விழும்போது கை அதிராமல் இருக்கத்தான் அந்த ரப்பர் என்று கடைக்காரர், ஒரு பார்சிக் கிழவர், பொறுமையாகச் சொன்னார். பெண் குழந்தைகளுக்கு என்று அவர் எடுத்துப் போட்ட கனமில்லாத மட்டைகளை நான் தொடவில்லை. மர ரேகை வளைவோடு வளைந்து கடைசி வரை ஓடிய ஒரு மட்டை, மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். இடுப்பளவு நின்றது. கையில் நல்ல கனம்.

"இதேதான். ஆனா இடது கைக்கு வேணும்" என்றார் அப்பா, தன் இந்தியில்.

கிழவர் சிரித்தார். "உல்ட்டா ஹாத் கா நஹீ பன்தா, சாப்" என்றார். இடது கைக்கு மட்டை செய்வதே கிடையாதாம். ஏன் என்று அப்பா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிழவர் சிரித்ததில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரயிலில் திரும்பி வரும்போது, கத்தரிக்கோல் முதல் எல்லாவற்றையும் வலது கைக்காரர்கள் தங்களுக்காகவே செய்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே வந்தார். தாதர் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டுங்காவில் இறங்கும்போது, "கையை மாத்தறதைவிட மட்டையை மாத்தறது சுலபம்டீ" என்றார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை அரம். உருண்டையான முதுகையும் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் எந்தக் கையாலும் அடிக்கலாம் என்பது அவர் கணக்கு. மரத்தூள் கூடமெல்லாம் பறந்தது. "ஏன்னா, புதுச் சாமானைப் போய்க் குதறறேளே!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். எதிர் வீட்டு மாமா மணிக்கொருதரம் வந்து, மட்டை இளைத்துக்கொண்டே வருகிறது, இப்படியே போனால் சாயங்காலத்துக்குள் பல்குச்சி ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அசரவில்லை. உப்புத்தாளால் வழுவழுப்பாக்கினார். மரத்துக்கு எண்ணெய் காட்டவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டில் இருந்த நல்லெண்ணெயைத் தடவினார். கைப்பிடி வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றினார். அந்திக்குள் எங்கள் வீட்டில் ஓர் எள்ளுருண்டை வாசனையுள்ள ஹாக்கி மட்டை தயாராகிவிட்டது. பம்பாயிலேயே அப்படி ஒன்று கிடையாது என்று எனக்குப் பெருமை.

திங்கட்கிழமை அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தார். டீச்சர் கோவாக்காரி. தமிழ் தெரியாது. என் மட்டையை வாங்கி இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "அரே பாபா, யே க்யா கியா?" என்றாள், இது என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று. இந்த மட்டையோடு களத்தில் இறங்கமுடியாது. ஒரு பக்கம்தான் தட்டையாக இருக்கவேண்டும், அது ஆட்டத்தின் சட்டம் என்றாள். அப்பா தன் ஆபீஸ் இங்கிலீஷில், சட்டம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவேண்டாமா, இடது கைக்காரக் குழந்தைகள் எங்கே போவார்கள் என்று வாதாடினார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். டீச்சர் மட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு வீட்டுக்குப் போகிற எண்ணம் இல்லை. சுவரோரம் கிடந்த பள்ளி மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து டீச்சர் முன்னால் நின்றேன். வழக்கம்போல் இடது கை வாட்டத்தில் பிடித்திருந்தேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் பிரித்து, இடது கையை மட்டையின் உச்சியிலும் வலது கையை நடுவிலும் மாற்றி வைத்தாள். மட்டையைத் திருப்புவதும் நிறுத்துவதும் பந்தை இழுப்பதும் மேலே இருக்கிற இடது கையின் வேலை, வலது கை துணைக்கு இருந்தால் போதும் என்று காட்டினாள். மற்றப் பெண்களின் இடது கைகளை எழுப்பத்தான் தான் படாத பாடு படுவதாகவும், இந்தப் பெண்ணிடம் அது ஏற்கெனவே விழித்துக்கொண்டிருக்கிறது என்றும் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

பந்தை உருட்டிவிட்டாள். ஓடினேன். முதல் தடவை தடுமாறியது. அடுத்த தடவை பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் திரும்பியது. பிறந்ததிலிருந்து கண்டிக்கப்பட்டு வந்த கை, என்னை முந்திக்கொண்டு யோசித்தது. எதிரே வந்த இரண்டு பெண்களையும் தாண்டிவிட்டேன். டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நாளையிலிருந்து தினமும் வா என்றாள்.

மூச்சு வாங்க அப்பாவைத் தேடினேன். வேப்பமரத்தடி பெஞ்சில், தான் தேய்த்த மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வேறெப்படியோ இருந்தது. பக்கத்தில், வரவே மாட்டேன் என்று சொன்ன அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. தெருவில் அப்பாவுக்குச் சமமாக நடக்கக்கூட மாட்டாள் அவள். இப்போது அத்தனை பேர் நடுவில் அவருடைய இடது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் நிமிராமல் மடங்கியே இருக்கும் அவருடைய சுண்டுவிரலை, நீவி நிமிர்த்துகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தாள். நேற்று அரம் குத்திவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, நான் அணியில் சேர்ந்துவிட்டதைச் சொல்ல ஓடினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்காத்துல ஒருத்தராவது அன்னிக்கு இந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தா, இடது கையால எழுதினேள்னு இந்த விரலை ஒடிச்சிருக்க மாட்டா" என்றாள் அவரிடம்.