தலையாட்டி தோற்ற பரீட்சை

பயிற்சி இல்லத்தில் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தது நான்தான். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவான். உப்பு போதுமா என்று சமையல்காரர் கேட்டாலும் ஆட்டுவான், என் துண்டை எவன் எடுத்தது என்று நான் கத்தினாலும் ஆட்டுவான். ஊழியம் செய்யப் போகிறோம் என்று கடல் தாண்டி அந்தக் குளிர் ஊரில் வந்து இறங்கிய கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும். இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். போட்ட கையோடு, தாய்மொழியில் பேசக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள். வாய் தவறிப் பேசினால் அன்றைக்கு இல்லத்தின் மொத்தப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். நான் கழுவிய பாத்திரத்துக்குக் கணக்கு வழக்கே கிடையாது.

அவன் கழுவியதே இல்லை. சட்டம் என்றால் சட்டம்தான் அவனுக்கு. பொய் என்பது செத்தாலும் வாயில் வராது. ஒருமுறை ஜன்னல் கண்ணாடியை நான் உடைத்துவிட்டு, காற்றில் உடைந்தது என்று பயிற்சித் தலைவரிடம் சொல்லி ஒப்பேற்றப் பார்த்தேன். அவர் இவன் பக்கம் திரும்பினார். என்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டான், காற்று என்று சொல்லவும் மாட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான் மகராசன். இவனோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறோம் என்று எனக்கு மண்டை காய்ந்தது.

அவனுடைய அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். ஒரே பையன். பட்டறையை உதறிவிட்டு மிஷனரியாகப் போகிறான் என்றதும் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "போறதுன்னா போ. தோத்துட்டு வந்து என் வாசல்ல மட்டும் நிக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் கோபத்தில் உளறுகிற ஆள் இல்லை, சொன்னால் சொன்னதுதான் என்று இவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். பயிற்சியின் கடைசியில் தலைவர் எங்களோடு ஏதாவது ஒரு வீட்டுக்கோ கடைக்கோ வந்து உட்காருவார். அங்கிருப்பவரோடு அந்த ஊர் மொழியில் சரளமாகப் பேச வேண்டும். தேறினால் ஊழியம். தேறாதவனுக்கு ஊருக்கு விமானம். எனக்காவது ஊரில் போக ஒரு வீடு இருந்தது.

மொழியோ வாய்க்குள் நுழையவே மாட்டேன் என்றது. காலையில் வகுப்பு, மாலையில் இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகக் கதவு தட்டுவது. நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறோம் என்று தொடங்கும் ஒரு பேச்சை உருப்போட்டு வைத்திருந்தோம். அதை ஒப்பித்து முடிப்பதற்குள் கதவு மூஞ்சியில் சாத்தப்படும். ஒரே ஒரு கதவு சாத்தப்படவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் திரை தைத்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு விதவை அம்மாள் இருந்தார். நாங்கள் ஒப்பித்ததை முழுக்கக் கேட்டார். திருப்பி ஏதோ கேட்டார். தலையாட்டி தலையை ஆட்டினான். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆட்டினான். இந்த இரண்டுக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று அவருக்குப் புரிந்துபோய், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் போனோம். அறை முழுக்கத் துணி மலைபோலக் குவிந்து கிடக்கும். தையல் மெஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே அவனைப் பார்த்துப் பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். இடது கையில் ஒரு விரல் கோணலாக இருக்கும், அதைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்திருப்பார். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் தூங்கிவிடுவேன். புரியாத பேச்சைப் போல ஒரு தாலாட்டு உலகத்தில் கிடையாது. அவனோ கண் கொட்டாமல் கேட்பான். இல்லத்துக்கு வந்து, காதில் விழுந்த சொற்களை அகராதியில் தேடிக்கொண்டிருப்பான்.

குளிர் குறையத் தொடங்கிய ஒருநாள், அந்த வீட்டிலிருந்து திரும்பும்போது அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. டிராம் நிறுத்தத்தில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். நடுத்தெருவில், தமிழில் பேசினான்.

"அவங்க கடைக்குப் போகலடா. வீட்லதான் இருந்திருக்காங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு கோவையாகச் சொன்னான். அந்த அம்மாளின் கணவர் குளியலறையில் விழுந்து இறந்தவர், அப்போது மனைவி கடைக்குப் போயிருந்தார் என்பது அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்த கதை. எங்களுக்கே கீழ்வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டியிருந்தார். நடந்தது அதுவல்ல. விழுந்தவர் எழ முடியாமல் கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். இவர் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சத்தம் நிற்கும்வரை தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த விரலை ஒடித்தது கணவர்தான். ஒடித்தது விரல் மட்டும் இல்லை என்றும் சொன்னாராம். ஒவ்வொரு வாரமும் இதையேதான் சொல்லியிருக்கிறார், நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது.

தலைவரிடம் சொல்லிவிடு என்றேன்.

"என்கிட்டயா சொன்னாங்க? புரியாதவன்கிட்ட சொன்னாங்க. அதை நான் எப்படிடா எடுத்து வெளியில குடுக்கறது?"

அப்படியானால் இனிமேல் அந்தப் பக்கமே போகாதே, வேறு வீடு பார்ப்போம் என்றேன்.

"நான் போகலைன்னா அவங்க யார்கிட்ட சொல்வாங்க?" என்றான்.

அன்று இல்லத்துக்குப் போனதும் தமிழில் பேசிவிட்டோம் என்று சமையல்காரரிடம் அவனே போய்ச் சொல்லி, பாத்திரம் கழுவ உட்கார்ந்தான். என்னையும் சேர்த்து மாட்டிவிட்டதால் நானும் கழுவினேன். அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போனோம். அதற்கடுத்த வாரமும் போனோம். இப்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. அரைகுறையாக எனக்கும் விளங்கத் தொடங்கியிருந்தது.

பரீட்சை வந்தது. நான் ஒரு செருப்புத் தைக்கிறவர் கடையில் அரசியலும் மழையும் பேசித் தேறிவிட்டேன். தலையாட்டிக்குத் தலைவர் தேர்ந்தெடுத்தது அந்த அம்மாளின் வீட்டை. இவன் அதிகம் போன வீடு அதுதானே. துணைக்கு நானும் போனேன். திரைத் துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டார் அந்த அம்மாள். தலைவர் நல்லவர்தான், கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் உருப்போட்டு ஒப்பிக்கிறவர்களை நிறையப் பார்த்தவர். அதனால் யாரும் உருப்போட்டிருக்க முடியாத கேள்வியாகக் கேட்டார். அவர் கேட்டதை நம் பேச்சில் சொல்கிறேன்:

"தம்பி, இந்த அம்மா உன்கிட்ட இத்தனை நாள் பேசியிருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் எப்படி இறந்தார்னு சொல்லியிருப்பாங்களே. உன் வாயால அதைச் சொல்லு, கேப்போம்."

அந்த அம்மாளின் கை துணியில் அப்படியே நின்றுவிட்டது.

கடைக்குப் போயிருந்தார் என்று சொல்லித் தொலையடா என்று என் உள்ளம் கூவியது. ஊரே சொல்லும் கதை, அவனுக்கும் தெரியும். சொன்னால் அவனும் பிழைத்தான், அவரும் பிழைத்தார். ஆனால் பொய் வரவேண்டுமே அந்த வாயில்! உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் கதி அதோகதி. இரண்டையும் சொல்லவில்லை அவன். தலைவர் கேள்வியைத் திருப்பி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலக் கேட்டார். கேள்வியே புரியவில்லை என்று தலைவர் முடிவு கட்டிக்கொண்டார். அந்த அம்மாள் வாயைத் திறந்து, இவனுக்கு நன்றாகப் பேச வரும் ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவன் பெட்டி கட்டும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். முட்டாள், பிழைக்கத் தெரியாதவன், யாரோ ஒரு பொம்பளைக்காகத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயே என்றேன். சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தான். அப்பாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான். அந்தப் பயம் வீண்போகவில்லை. அப்பா கதவைத் திறக்கவில்லை. அம்மா பின்வாசல் வழியாகச் சாப்பாடு கொடுத்ததும் தெரிந்துபோய், அதுவும் நின்றது. இன்றைக்கும் அவன் வேறொருவர் பட்டறையில் கூலிக்கு வெல்டிங் அடிக்கிறான். அப்பா இறந்தபோது கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்து போனானாம்.

அவன் விமானம் ஏறிய பிறகு, புதிதாக எனக்கு ஜோடி சேர்த்த ஒருவனோடு அந்த மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அந்தப் புதியவனுக்கு மொழி ஒரு சொல் தெரியாது. அந்த அம்மாள் கதவைத் திறந்ததும் எங்கள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவன் வரவில்லையா என்றார். மொழி வரவில்லை என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

"வந்துச்சே," என்றார். "எப்பவோ வந்துருச்சு. நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே ஒருநாள் அவன் முகம் மாறுச்சு. புரிஞ்சுருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இனி வர மாட்டான்னு நெனச்சேன். அடுத்த வாரமும் வந்து உக்காந்தான். அதுக்கப்புறம் நான் பேசினதெல்லாம் புரிஞ்சவன்கிட்ட பேசினதுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய அப்பா சொல்லி அனுப்பியதை, இனி அவனுக்கு வீடே இல்லை என்பதை, தெரிந்த சொற்களை எல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வந்து உங்க தலைவர்கிட்ட சொன்னா, அவனைத் திரும்பக் கூப்பிடுவாங்களா?"

கூப்பிடுவார்கள் என்றேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

உள்ளே போனார். கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்தார். வீட்டைப் பூட்டினார். மூன்று பேரும் இறங்கினோம். தெருக் கதவைத் திறந்தபோது கீழ்வீட்டுக்காரர் எதிரே வந்தார். இந்த நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அக்கறையாகக் கேட்டார்.

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"எங்கயும் இல்ல," என்றார்.

திரும்பிப் படி ஏறினார். மேலே பூட்டு திறந்து கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நானும் புதியவனும் படியடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். அவர் இறங்கி வரவில்லை.