பன்னிரண்டாவது வட்டம்

என் மகளுக்குக் கனடாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்த நான்காம் நாள், என் தம்பி கூட்டுரோட்டில் பேனர் கட்டிவிட்டான். அவன் அவளுக்குத் தாய்மாமன். பெண்பிள்ளைக்கு ஒரு நல்லது என்றால் முதல் மரியாதை மாமன் கையால் நடக்க வேண்டும். காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பேனர் கட்டியவன், கனடாவுக்குக் கட்டாமல் விடுவானா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசா இன்னும் வரவில்லை. கையில் இருந்ததெல்லாம் அந்த ஒரு கடிதம்தான். அதற்குள் ஊரெல்லாம் தமுக்கடித்தால் கண் படாதா? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் அண்ணாந்து பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. நடுவில் பட்டமளிப்பு அங்கியில் மகள். அவள் தலைக்கு மேல் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு முகம். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் பெருமைக்குரிய முன்னாள் மாணவர்கள், தலைவர்கள் என்று போட்டிருந்த படங்களை அப்படியே இறக்கியிருந்தான். நாடாண்டவர், நீதிபதி, விஞ்ஞானி, வேந்தர், துணைவேந்தர், எல்லோரும் செஞ்சி வெயிலில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பல்கலைக்கழகத்தின் சின்னம். கீழே கொட்டை எழுத்தில், 'உலகத் தலைவர்களை உருவாக்கிய பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் எங்கள் வீட்டுத் தங்கமே! இவண்: தாய்மாமன்.' பக்கத்தில் இரண்டு செல் நம்பர்.

"இன்னாடா இது கூத்து?" என்றேன்.

"தலைவருங்க இல்லாம பேனராக்கா? நம்ம கட்சித் தலைவருங்கள போட்டா வேற கட்சிக்காரன் கோச்சிக்குவான். அதான் அந்த ஊர் தலைவருங்களயே போட்டுட்டேன். யாருக்கும் சண்டை இல்ல பாரு. நீ மேல் வரிசைய நல்லா பாருக்கா, கடைசில..."

"மேலயும் பாக்கல, கீழயும் பாக்கல. மொதல்ல அவுத்துட்டு வா."

அவன் முகம் தொங்கிப்போனது. நான் கண்டுகொள்ளவில்லை. என் வாய் அப்படி. அவன் பேனரை அவிழ்க்கவும் இல்லை. மறுநாள் மல்லாட்டைக் கடலை மூட்டை லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வெளியூர் போய்விட்டான்.

மகளின் கல்லூரித் தோழி ஒருத்தி அதைப் படமெடுத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் டேக் செய்து, ஃபேஸ்புக்கில் போட்டாள். ஆசையாகத்தான் போட்டாள். மூன்றாம் நாள் காலை, நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் போனோடு வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அம்மா, சீட்ட நிறுத்தி வச்சிட்டாங்கம்மா."

மெயிலை அவளே தமிழில் படித்துச் சொன்னாள். எங்கள் சின்னத்தையும் எங்கள் தலைவர்களின் படங்களையும் செல் நம்பர்களோடு போட்டு யாரோ விளம்பரம் செய்திருக்கிறார்கள். இது அனுமதியில்லாத ஏஜென்ட்டின் வேலை என்று தோன்றுகிறது. நீங்கள் அந்த ஏஜென்ட் மூலமாக விண்ணப்பித்தீர்களா? மேல் வரிசையில் பன்னிரண்டாவதாக இருப்பவர் எங்கள் முன்னாள் மாணவரோ தலைவரோ அல்ல. அவர் யார்? இரண்டு நாளுக்குள் விளக்கம் வராவிட்டால் சேர்க்கை ரத்து.

மண்ணைப் பற்றிய படிப்பு அது. சிங்கவரத்து வயல் மண்ணைப் பொட்டலம் கட்டிக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிப்போன பெண் இவள். ராவும் பகலும் படித்து வாங்கிய இடம். ஒரு பேனரில் போய்விடுமா?

மெயிலோடு வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பன்னிரண்டாவது முகத்தின் மேல் வெயில் அடித்து வெள்ளையாக இருந்தது. கோட்டும் டையும் மட்டும் தெரிந்தன.

"மாமா நிஜமாவே எவனாவது ஏஜென்ட் படத்த போட்டிருக்குமாம்மா?"

"உங்க மாமன நம்ப முடியாதுடி. பேனர் கடைக்காரன் சொன்னா எவனையும் போடுவான்."

தம்பிக்குப் போன் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். பேனர் கடைக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. படுபாவி, ஊரையே கெடுத்துவிட்டு எங்கே போய்த் தொலைந்தான் என்று தெருவே கேட்கக் கத்தினேன். மகள் அழவில்லை. அவள் அழாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைப்பவள் நான். பட்டா, பென்ஷன், வாரிசுச் சான்று என்று ஊருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். வெறும் வாயால் சொன்னால் எந்த ஆபீஸும் நம்பாது, இணைப்பு வேண்டும். மகளைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு வயதுக் குழந்தையின் பிறந்தநாள் பேனர். குழந்தை தலைக்கு மேல் ஆறு தலைவர்கள், கீழே நான்கு செல் நம்பர். மகள் படமெடுத்தாள். திண்டிவனம் ரோட்டில் ஒரு கிரகப்பிரவேசம். காந்தி பஜாரில் ஒரு மஞ்சள் நீராட்டு, ஒரு நினைவஞ்சலி. செத்தவருக்கு மேலேயும் தலைவர்கள், அதிலும் செல் நம்பர். போன் நம்பர் இல்லாத பேனரை எங்கள் ஊரில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். போவோர் வருவோர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எல்லாம் சரிம்மா. அந்தப் பன்னெண்டாவது ஆளுக்கு இன்னா சொல்றது?" என்றாள்.

கடைசியாகக் கூட்டுரோட்டுக்கே போனோம். இந்த முறை ரோட்டைத் தாண்டி, பேனருக்கு நேர் கீழே போய் நின்றேன். முகத்தை நல்ல சிவப்பாக்கியிருந்தார்கள். மீசைக்குக் கறுப்பு தீட்டியிருந்தார்கள். நீலக் கோட்டு, சிவப்பு டை. யாரோ கம்பெனி முதலாளி மாதிரி இருந்தது. திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் இடது புருவத்தைப் பார்த்தேன். நடுவில் வெட்டு.

ஆட்டோ கம்பியில் இடித்துக்கொண்ட வெட்டு அது. மஞ்சள் வைத்துக் கட்டியதே நான்தான். அவலூர்பேட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர், காக்கிச் சட்டை தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக்கூடக் கோட்டு வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். என் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது.

"அம்மா, நைனா," என்றாள் மகள். "அது நம்ம நைனா." அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெடித்து, நடுரோட்டிலேயே அழுதாள்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். சார்ஜ் இல்லையாம். நான் திட்டவில்லை, அதிலேயே அவன் பயந்துவிட்டான்.

"லைசென்ஸ்ல இருந்த போட்டோக்கா. மாமா அந்தப் பெரிய மனுசங்க பக்கத்துல காக்கியோட நின்னா நல்லா இருக்காதுன்னு கடைக்காரர்கிட்ட சொல்லி கோட்டு போட்டேன். அவரு இல்லாம அவளுக்கு ஏது கனடா? நீ பாப்பேன்னு பாத்தேன், நீ பாக்கவே இல்ல."

என் வாயையும் கண்ணையும் நான்தான் நொந்துகொள்ள வேண்டும்.

அன்றே மனுவை எழுதினேன். நான் சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் அடித்தாள். எங்கள் ஊரில் நல்லது நடந்தால் தாய்மாமன் பேனர் கட்டுவார், பெரியவர்களை மேலே வைப்பது மரியாதை, செல் நம்பர் போடுவது இன்னார் கட்டியது என்று ஊருக்குச் சொல்ல, வியாபாரத்துக்கு அல்ல. இணைப்பு: எங்களுடையதையும் சேர்த்து ஐந்து பேனர் படங்கள், அவருடைய லைசென்ஸ் நகல், இறப்புச் சான்று. பன்னிரண்டாவது நபர் என்ற இடத்தில் வழக்கமான மனு வாசகம் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில், 'அவர் ஏஜென்ட் அல்ல. விண்ணப்பதாரரின் தந்தை. ஷேர் ஆட்டோ ஓட்டுநர். உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. அங்கே படிக்கப் பிள்ளையை வளர்த்தவர்' என்று சொன்னேன். மகள் அதை மூன்று தடவை அடித்து அழித்து அடித்தாள்.

ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலை வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, நிறுத்தி வைத்த சேர்க்கை தொடரும். எங்கள் சின்னத்தையும் எங்கள் பதினொரு பேரின் படங்களையும் உடனே நீக்கவும். பன்னிரண்டாவது படம் குறித்து எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

தம்பி பிளேடோடு ஏணியில் ஏறினான். மொத்தமாக அவிழ்த்துவிடேன் என்றேன். "அவங்க சொன்னத மட்டும்தான் செய்வேன்," என்றான். சின்னத்தையும் பதினொரு வட்டத்தையும் சுற்றிச் சுற்றி அறுத்தெடுத்தான். வேந்தரும் நீதிபதியும் ஒவ்வொருவராகச் சுருண்டு கீழே விழுந்தார்கள். நான் பொறுக்கி அடுக்கினேன்.

அந்த ஆடிக்காற்றில் கூட்டுரோட்டுப் பேனர்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் கிழிந்து கம்பத்தில் தொங்கின. எங்களுடையது மட்டும், காற்று புகுந்து போக அத்தனை ஓட்டை இருந்ததால், கிழியாமல் நின்றது. விசா வந்து ஆவணியில் மகள் கிளம்பினாள். கார் கூட்டுரோட்டைத் தாண்டும்போது கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள்.

"நைனா, போய்ட்டு வரேன்."