நான் வாசித்த பட்டியல்

பாம்பனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு மனிதரை அடித்தேன். கன்னத்தில் ஒரே அறை. மற்றவர்கள் அடித்ததைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. சுத்தப் பொய். முதல் அடியே என்னுடையதுதான்.

அடி வாங்கியவர் ஒரு விசைப்படகு முதலாளி. அவருடைய படகில் போன நான்கு பேரை, எல்லை தாண்டினார்கள் என்று அக்கரையில், இலங்கையில், பிடித்து வைத்திருந்தார்கள். பிடிக்கும்போது ஒருவன் கடலில் விழுந்து செத்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. எவன் என்று யாருக்கும் தெரியவில்லை. சிறையில் உயிரோடு இருப்பவர்களின் பட்டியலை ராமநாதபுரத்து வக்கீல் ஒருவர் சிடியில் போட்டுக் கொடுக்க, முதலாளியே அதை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். பின்னாலேயே அந்த நால்வரில் ஒருவனின் மனைவியும் அவளுடைய அண்ணன்மார் இருவரும் வந்தார்கள்.

சிடியைப் போட்டால் பட்டியல் திறக்கவில்லை. அதை வாசிக்கிற சாஃப்ட்வேர் என் கம்ப்யூட்டரில் இல்லை. பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில் இருந்தது. தேடி எடுத்து, சட்டையில் துடைத்துப் போட்டேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டே போனேன். பச்சைக் கோடு பாதியில் வந்து நின்றுகொண்டது.

"சீக்கிரம்ணே. ஈரக்குல நடுங்குது" என்றாள் அவள்.

"இரும்மா, மெஷினுதான செய்யணும்!" என்று எரிந்து விழுந்தேன். அந்தச் சாஃப்ட்வேரை அன்றுவரை நான் தொட்டதே இல்லை. அதைச் சொல்லக் கௌரவம் விடவில்லை.

ஒருவழியாகத் திறந்தது. படகு படகாகப் பெயர்கள். எங்கள் கரையில் எந்தப் பட்டியலும் அப்படித்தான். ஒரு படகில் போனவர்களைப் பிரித்து எழுத மாட்டார்கள். அடியில் இவர்கள் படகு. மூன்று பெயர்கள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மூன்று பேர்தான், உன் புருஷன் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டேன். "யேசுவே!" என்று அவள் சிமெண்டுத் தரையில் தலையை முட்டிக்கொண்டாள்.

முதலாளி திரையருகே குனிந்தார். "தம்பி, இன்னொருக்கா நல்லாப் பாருங்க. அவன் பேரு இல்லாம இருக்காது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆளைச் சாகக் கொடுத்துவிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்துகிறாரா? "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்கிறீகளா?" என்று அறைந்தேன்.

அவ்வளவுதான். அண்ணன்மார் பாய்ந்தார்கள். "ஏலே, காத்தடிக்கையில கடலுக்கு அனுப்புனவன் நீதானல!" இரும்பு ஸ்டூல் அவர் முகத்தில் இறங்கியது. பற்கள் கீபோர்டில் சிதறின. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையையே மிதித்தார்கள். நான் அப்போது என் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன்.

அக்கம்பக்கத்தார் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபின், கீபோர்டில் கிடந்த ரத்தத்தைத் துடைத்தேன். ஏதோ ஒரு பட்டன் அழுந்தியது. திரை நகர்ந்து இரண்டாம் பக்கம் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர். அவள் புருஷனுடையது.

அவள் வீட்டில் ஒப்பாரி தொடங்கியிருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "உசுரோடயா? உசுரோடயா?" என்று கத்தினாள். அண்ணன்மார் இருவரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலாளிக்கு வலது கண்ணையும் வாயையும் விட்டு முகம் முழுக்கக் கட்டு. இடது கண் போய்விட்டது என்று நர்ஸ் சொன்னார். கட்டிலருகே நின்று பெயர்களை வாசிக்கத் தொடங்கினேன்.

அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வாசிக்க வேணாம். இங்கன கொண்டா."

தாளை வாங்கி, மிச்சமிருந்த கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு பெயர்களையும் அவரே வாசித்தார்.